கலகம் அன்று, விடுதலைப் போர்!

(தூத்துக்குடியில் நடந்த தமிழுணர்வாளர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)

   

எனக்கு அளிக்கப்பெற்ற தலைப்பு ‘அமெரிக்க விடுதலைப் போரும் முத்துக்குளித்துறையும்’ என்பது. இத் தலைப்பைக் கேட்டவுடன் உங்களுட் சிலர்க்கு வியப்புத் தோன்றியிருக்கும். அமெரிக்கா எங்கே, தூத்துக்குடி எங்கே? ஆயின் அப் போரின் அலை இத் துறைமுகத்தின் சுவரில் வந்து மோதியது. மோதியது மட்டுமன்று, இக்கரையை ஆண்டவனையே மாற்றியது. அதே ஆண்டுகளில், அதே பகைவனை எதிர்த்து, நம் மண்ணிலும் மறவர்கள் போரிட்டனர். அவர்கள் போருக்கு உலகம் ‘விடுதலைப் போர்’ என்று பெயர் சூட்டியது. நம்மவர் போருக்கோ ஆங்கிலேயன் ‘பாளையக்காரர் கலகம்’ என்று பெயர் வைத்தான். நம் பாடநூல்களும் நெடுங்காலம் அதையே ஒப்பித்தன.

ஒரே காலம், ஒரே பகைவன், பெயர் மட்டும் ஏன் இரண்டாயிற்று? இவ்வொரு வினாவைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்துள்ளேன்.

பனைமரக் கோட்டை

அமெரிக்காவின் 13 குடியேற்றங்களுள் தென்கரோலினா என்பது ஒன்று. அதன் அன்றைய தலைநகர் சார்லசுடன், நம் தூத்துக்குடியைப் போன்ற ஒரு துறைமுகம். நெல்லும் அவுரியும் அங்கிருந்து கப்பலேறின. அங்கும் வாணிகத்தில் கை நுழைத்தது, இங்கே நம்மை அடிமைப்படுத்திய அதே கிழக்கிந்தியக் கும்பணிதான். 1773 திசம்பரில் பாசுடன் துறைமுகத்தில் மக்கள் கடலிற் கொட்டிய தேயிலை கும்பணியின் தேயிலை. அதே திங்களில் சார்லசுடனுக்கும் கும்பணியின் தேயிலை வந்தது. அந் நகரத்தார் அதை விற்கவிடவில்லை. தேயிலை கிடங்கில் அடைபட்டுக் கிடந்தது. பின்னர் அதை விற்ற பணமே விடுதலைப் போருக்குச் செலவாயிற்று.

1776 சூன் 28ஆம் நாள் ஆங்கிலக் கப்பற்படை சார்லசுடனைத் தாக்கியது. நகருக்கு முன்னால் சல்லிவன் தீவில் இருந்த கோட்டையோ முற்றுப்பெறாத ஒன்று. கருங்கல் இல்லை, செங்கல் இல்லை. நம் தேரிக்காட்டுப் பனைக்கு உறவான ஒருவகைப் பனையின் தடிகளை அடுக்கி, இடையில் மணலைக் கொட்டி எழுப்பியிருந்தனர். ஆங்கிலேயனின் பீரங்கிக் குண்டுகள் அம் மென்மரத்திற் புதைந்தனவேயன்றிச் சுவரை உடைக்கவில்லை. கப்பற்படை தோற்று மீண்டது. அப் பனைமரம் இன்றும் தென்கரோலினாவின் கொடியில் நிற்கின்றது.

ஆயினும் 1780 மே 12ஆம் நாள் சார்லசுடன் வீழ்ந்தது. ஏறத்தாழ 5,000 வீரர் சிறைப்பட்டனர். தென்பகுதி ஆங்கிலப் படைக்குக் காரன்வாலிசு என்பவன் தலைவனாக நின்றான். இப் பெயரை நினைவிற் கொள்ளுங்கள். இவனைப் பின்னர் நம் நாட்டிலும் காண்போம். ஆகத்து 16ஆம் நாள் கேம்டன் என்னுமிடத்தில் அவன் பெருவெற்றி பெற்றான். தென்னாட்டின் விடுதலைத் தீ அணைந்தது என்றே எல்லாரும் எண்ணினர். ஆனால் அணையவில்லை. சதுப்புக்காடுகளில் மறைந்திருந்த மேரியன் போன்றோரின் சிறுபடைகள், இரவில் தாக்கி விடியுமுன் மறைந்தன. அக்டோபர் 7இல் கிங்சு மலையிலும், 1781 சனவரி 17இல் கவுபென்சு என்னும் மேய்ச்சல் வெளியிலும் ஆங்கிலப் படை நொறுங்கியது. நலிந்த படையோடு வடக்கே சென்ற காரன்வாலிசு, அக்டோபர் 19ஆம் நாள் யார்க்குடவுனில் வாசிங்டனிடம் சரணடைந்தான். அவனைக் கடல்வழியே மீட்க வந்த ஆங்கிலக் கப்பல்களைத் தடுத்து நிறுத்தியது பிரஞ்சுக் கப்பற்படை. இதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

இரண்டு உடன்படிக்கைகள்

இனி நம் கரைக்கு வருவோம். பொருநையாறு கொணர்ந்த மண்ணால் கொற்கை தூர்ந்தது; பின்னர்ப் பழையகாயலும் தூர்ந்தது. அதன்பின் முத்துக்குளித்துறையின் தலைநகராய் எழுந்தது தூத்துக்குடி. இதைப் போர்த்துக்கீசியரிடமிருந்து 1658இல் ஒல்லாந்தர் பறித்தனர். முத்தும் சங்கும் துணியும் அவர்தம் கப்பல்களில் ஏறின. கடலடியில் மூச்சடக்கிப் பாரில் சிப்பி அரித்தவன் பரதவன். கரைமேல் நின்று பங்கு பேசியவர்கள் ஆர்க்காட்டு நவாபும் ஒல்லாந்தரும். குளிப்போர் காலிற் கட்டி மூழ்கும் கல்லையே கணக்காக வைத்து, உனக்கு எத்தனை கல், எனக்கு எத்தனை கல் என்று அவர்கள் வழக்காடினர். குளித்தவன் குரல் அவ் வழக்கில் ஏறவில்லை.

இந்த ஒல்லாந்தர் கையிலிருந்து தூத்துக்குடி எப்படிப் போயிற்று தெரியுமா? சார்லசுடன் நகரத்தார் ஒருவரின் கைப்பையால் போயிற்று!

அவர் பெயர் என்றி லாரன்சு. தென்கரோலினாவின் பெருவணிகர், அமெரிக்கப் பேராயத்தின் தலைவராய் இருந்தவர். ஒல்லாந்தரிடம் கடன் பெறுவதற்காக 1780இல் கப்பலேறினார். செப்டம்பரில் நியூபவுண்டுலாந்துக்கு அப்பாலுள்ள கடலில் ஆங்கிலப் போர்க்கப்பல் அவரை மடக்கியது. தம்மிடமிருந்த தாள்களைப் பையிலிட்டுக் கடலில் எறிந்தார். பை உடனே மூழ்கவில்லை. ஆங்கில மாலுமிகள் கொக்கியிட்டு இழுத்தெடுத்தனர். உள்ளே இருந்தது, ஆம்சுட்டர்டாம் நகரத்தாரோடு அமெரிக்கர் பேசி எழுதிய ஓர் உடன்படிக்கை வரைவு. லாரன்சு இலண்டன் கோட்டையிற் சிறைவைக்கப்பட்டார். அமெரிக்கர்க்குப் போர்க்கருவி விற்றதாலே ஏற்கெனவே ஒல்லாந்தர் மேல் சினம் முற்றியிருந்த ஆங்கில அரசு, இத்தாளைக் காட்டியே 1780 திசம்பர் 20ஆம் நாள் ஒல்லாந்தர்மேல் போர் தொடுத்தது.

அச் செய்தி கீழைக்கடலுக்கு வந்தது. 1781 நவம்பரில் ஒல்லாந்தரின் நாகப்பட்டினம் வீழ்ந்தது. 1782 சனவரியில் ஈழத்துத் திருகோணமலை வீழ்ந்தது. அதே ஆண்டில் தூத்துக்குடியும் ஆங்கிலேயன் கையில் வீழ்ந்தது. நியூபவுண்டுலாந்துக் கடலில் மிதந்த ஒரு பைக்காக முத்துக்குளித்துறை கை மாறியது!

அந்நாளில் தமிழகமும் அமைதியாய் இல்லை. 1750களிலேயே நெல்கட்டும்செவல் பூலித்தேவர் திறை கொடுக்க மறுத்துப் போர்க்கொடி தூக்கியிருந்தார். அமெரிக்கர் வாளெடுப்பதற்கு இருபதாண்டுகளுக்கு முற்பட்ட செய்தி இது! 1772இல் காளையார்கோயிலில் கணவர் முத்துவடுகநாதரை ஆங்கிலேயர்க்குப் பலிகொடுத்த வேலுநாச்சியார், எட்டாண்டுகள் விருப்பாட்சியில் தங்கிப் படைதிரட்டி, ஐதரலியின் துணையோடு 1780இல் சிவகங்கையை மீட்டார். அதே 1780 செப்டம்பரில் பொள்ளிலூரில் ஐதரின் படை கும்பணிப் படையொன்றை அடியோடு அழித்தது. நெல்லைச் சீமைப் பாளையக்காரர்கள் வரி கொடுக்க மறுத்து எழுந்தனர். 1781 திசம்பரில் நவாபு தன் நாட்டு வருவாயை யெல்லாம் கும்பணிக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். யாருடைய வருவாய்? உழவன் வருவாய்; பரதவன் வருவாய். எழுதிக் கொடுத்தவனும் அயலான். வாங்கிக் கொண்டவனும் அயலான்.

1783 ஆகத்தில் கர்னல் புல்லார்ட்டன் என்பவன் பாஞ்சாலங்குறிச்சிமேல் படைகொண்டு வந்தான். அப்பொழுது அங்கு ஆண்டவர் செகவீர கட்டபொம்மன். வீரபாண்டிய கட்டபொம்மனின் தந்தையார். மண்கோட்டை கடுமையாகப் போரிட்டது. முடிவில், உள்ளிருந்தோர் இரவில் முற்றுகையை உடைத்துக்கொண்டு வெளியேறினர். கோட்டைக்குள் நுழைந்த புல்லார்ட்டன் கையில் கிடைத்தது என்ன? கொழும்பு ஒல்லாந்த அரசோடு கட்டபொம்மன் செய்துகொண்ட உடன்படிக்கையின் மூலப்படி!

பெருமக்களே, இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து எண்ணிப் பாருங்கள். ஒல்லாந்தரோடு அமெரிக்கர் எழுதிய உடன்படிக்கை கடலிற் பிடிபட்டது. ஒல்லாந்தரோடு பாஞ்சாலங்குறிச்சி எழுதிய உடன்படிக்கை கோட்டையிற் பிடிபட்டது. இரண்டும் ஒரே நோக்கின: ஆங்கிலேயனை எதிர்க்க வெளித்துணை தேடியவை. முன்னதை எழுதியவர்கள் நாட்டின் தந்தையர் எனப்பட்டனர். பின்னதை எழுதியவர்கள் கலகக்காரர் எனப்பட்டனர். நடுநிலை வரலாறு இதற்கு என்ன விடை சொல்லும்?

அமெரிக்கப் போரின் கடைசிப் போர்க்களம் எது என்று அமெரிக்கச் சிறுவனைக் கேட்டால் யார்க்குடவுன் என்பான். உண்மையில் அப் போரின் இறுதிச் சண்டை 1783 சூனில் நம் கடலூரில் நடந்தது. ஆங்கிலேயர் கோட்டையை முற்றுகையிட்டிருந்தனர். சுப்ரன் என்னும் பிரஞ்சுக் கடற்றலைவன் சூன் 20இல் அவர்தம் கப்பற்படையோடு பொருதான். ஐரோப்பாவில் சனவரியிலேயே அமைதி பேசப்பட்டுவிட்டது. அச் செய்தி வந்து சேர ஐந்து திங்கள் ஆனதால் நம் கரையில் குருதி ஓடிக்கொண்டிருந்தது.

1783 செப்டம்பர் 3ஆம் நாள் பாரிசில் உடன்படிக்கை எழுதப்பெற்று, அமெரிக்கா தனிநாடாயிற்று. பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்து அப்பொழுது ஒரு திங்கள்கூட நிரம்பவில்லை. ஒல்லாந்தரோடு செய்த அமைதிப்படி தூத்துக்குடியை 1785இல் ஆங்கிலேயர் அவர்களிடமே திருப்பிக் கொடுத்தனர். 1795இல் மீண்டும் பறித்தனர். 1818இல் மீண்டும் கொடுத்தனர். 1825இல் முடிவாக வாங்கிக்கொண்டனர். மீண்டும் மீண்டும் கைமாறிய இவ்வூரில் வாழ்ந்த மக்களை ஒருமுறையேனும் எவனும் கேட்டானில்லை. பண்டமாற்றுச் சந்தையில் மாட்டின் கருத்தை யார் கேட்பர்?

தோற்றவன் இங்கே வந்தான்

யார்க்குடவுனில் சரணடைந்த காரன்வாலிசு என்ன ஆனான்? இலண்டன் கோட்டையிற் சிறையிருந்த அதே என்றி லாரன்சுக்கு மாற்றாக அவன் விடுவிக்கப்பட்டான். 1786இல் இந்தியாவின் தலைமை ஆளுநனாகக் கல்கத்தாவில் வந்திறங்கினான். அமெரிக்காவில் இழந்ததை ஆங்கிலேயன் இங்கே ஈடுசெய்து கொண்டான் என்றால் அது வெறும் மேடைப்பேச்சன்று. 1792இல் அவன் காலத்தில் நவாபோடு செய்யப்பெற்ற உடன்படிக்கைதான், பாளையக்காரரிடம் திறை தண்டும் உரிமையைக் கும்பணியின் கையில் நேராகக் கொடுத்தது. வீரபாண்டிய கட்டபொம்மனை வரிகேட்டு அலைக்கழித்த தண்டலர் சாக்சன், இவ்வுரிமையின் பெயராலேதான் வந்தான். தென்கரோலினாவின் சதுப்பில் அறுபட்ட கயிற்றைக் கொண்டுவந்து நெல்லைச் சீமையின் கழுத்தில் மாட்டினர்.

அதன்பின் நடந்தவை நீங்கள் அறிந்தவையே. 1798இல் இராமநாதபுரத்தில் சாக்சனோடு மோதல். 1799 செப்டம்பரில் மேசர் பானர்மனின் படையெடுப்பு. அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றுப் புளியமரத்தில் தூக்கு. ஆங்கிலேயன் கதை முடிந்தது என்றான்.

முடியவில்லை. 1801 பிப்பிரவரி 2ஆம் நாள் பாளையங்கோட்டைச் சிறையை உடைத்துக்கொண்டு ஊமைத்துரையும் உடனிருந்தோரும் வெளியேறினர். இடித்துத் தள்ளப்பட்டிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை, ஒரு கிழமைக்குள் மீண்டும் எழுந்து நின்றதைக் கண்டு ஆங்கிலப் படைத்தலைவர்கள் திகைத்தனர். கொத்தர் கட்டிய கோட்டையன்று அது. ஊரெல்லாம் கூடி, மண் சுமந்து, வைக்கோல் பிசைந்து எழுப்பிய கோட்டை.

அதே பிப்பிரவரியில் இந்தத் தூத்துக்குடியை ஊமைத்துரையின் படை கைப்பற்றியது. உள்நாட்டுக் கோட்டையொன்று கடலை எட்டித் தொட்ட நாள் அது. இங்குப் பிடிபட்ட ஆங்கிலத் துறைமுக அலுவலர் ஒருவரைப் பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுசென்றனர். அவர் மனைவி பின்தொடர்ந்து சென்று வேண்டினார். உடனே அவரை விடுவித்து அனுப்பினர். இதை எழுதி வைத்திருப்பவர் நம்மவர் அல்லர், ஆங்கிலேயரே. கலகக் கும்பலிடம் இத்தகைய போரறத்தை எதிர்பார்க்க முடியுமா?

மார்ச்சு 31ஆம் நாள் ஆங்கிலப் படை பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கிப் பெருந்தோல்வி கண்டது. அன்று மடிந்தவர்களை அவர்கள் அங்கேயே புதைத்துக் கல்லெழுப்பினர். சல்லிவன் தீவின் பனைத்தடிக்குள் புதைந்த குண்டுகளைப் போலவே நம் மண்சுவரிலும் குண்டுகள் புதைந்தன. மே 24ஆம் நாள், கர்னல் அக்னியூவின் தலைமையில் பெரும்படையும் பெரும்பீரங்கிகளும் வந்தபின்னரே கோட்டை வீழ்ந்தது.

அன்று மாலை நடந்த ஒன்றை அப் போரிற் கலந்துகொண்ட வெல்சு என்னும் ஆங்கிலப் படைத்தலைவனே எழுதி வைத்துள்ளான். களத்தில் தன் மகனைத் தேடி வந்தாள் ஒரு சிற்றூர்த் தாய். மகன் உயிர் ஊசலாடக் கிடந்தான். தூக்க முயன்றவளிடம் அவன், தன்னை விட்டுவிட்டு அருகே வெட்டுண்டு கிடக்கும் ஊமைத்துரையைக் காப்பாற்றும்படி வேண்டினான். அத்தாய் அவ்வாறே செய்தாள். தேடிவந்த எட்டயபுரத்துப் படையாட்களிடம், அம்மை நோயில் இறந்த பிணம் என்று சொல்லித் துணியால் மூடி மறைத்து ஊமைத்துரையைக் காத்தனர் அவ்வூர்ப் பெண்கள். அத் தாயின் பெயர் எந்நூலிலும் இல்லை. மகன் பெயரும் இல்லை. பெயரற்ற அவர்கள் நெஞ்சில் இருந்ததற்கு நாட்டுப்பற்று என்பதைத் தவிர வேறு பெயர் இருந்தால் சொல்லுங்கள்.

1801 சூன் 16ஆம் நாள் சின்ன மருது விடுத்த அறிக்கை, திருச்சிராப்பள்ளிக் கோட்டை வாயிலிலும் திருவரங்கக் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டிருந்தது. எல்லாச் சாதியாரையும் முசுலிம்களையும் விளித்து, வெள்ளையனை விரட்ட ஒன்றுபடுமாறு அழைத்த அறிக்கை அது. அமெரிக்கரின் 1776 சூலை 4 அறிக்கைக்கு 25 ஆண்டுகள் பிற்பட்டது. அவ்வறிக்கையைப் பள்ளிப் பிள்ளைகள் உலகெங்கும் படிக்கின்றனர். இவ்வறிக்கையை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் படித்துள்ளனர்?

அக்டோபர் 24இல் மருதிருவர் திருப்பத்தூரில் தூக்கிலேற்றப்பட்டனர். நவம்பர் 16இல் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலேற்றப்பட்டார். திசம்பர் 1ஆம் நாளோடு மக்கள் போர்க்கருவி வைத்திருக்கும் உரிமையே பறிபோயிற்று. 1802 பிப்பிரவரி 11ஆம் நாள், விடுதலை மறவர் 73 பேரை இதே தூத்துக்குடித் துறையிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினர். அவர்களுள் ஒருவன் சின்ன மருதுவின் மகன் துரைசாமி. மீசை அரும்பாத சிறுவன். பதினாறு ஆண்டுகள் கழித்துப் பினாங்கில் அவனைக் கண்ட வெல்சு, உடல்நலிந்து உருமாறிப் போயிருந்த அவன் நிலைகண்டு வருந்தி எழுதினான்.

ஏன் தோற்றோம்?

இனி வினாவுக்கு வருகின்றேன். அவர்கள் ஏன் வென்றனர்? நாம் ஏன் தோற்றோம்? ‘தமிழனுக்கு ஒற்றுமை வராது’ என்று சொல்லித் தோளைக் குலுக்குவோர் உளர். இதைப் போன்ற அறியாமை பிறிதில்லை. கிங்சு மலைப் போரில் இரு பக்கமும் நின்று ஒருவரையொருவர் கொன்றவர்கள் யாவர்? அமெரிக்கரே! ஆங்கிலேயன் பக்கத்தில் போரிட்டவர்களும் அம்மண்ணின் மக்களே. தலைவன் பெர்குசன் ஒருவனே கடல்கடந்து வந்தவன். அண்ணன் விடுதலைப் படையிலும் தம்பி அரசன் படையிலும் நின்ற குடும்பங்கள் தென்கரோலினாவில் ஏராளம். எட்டயபுரமும் புதுக்கோட்டையும் நமக்கு மட்டும் வாய்த்த நோய் அல்ல.

வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. அமெரிக்கக் குடியேற்றங்கள் 1774 முதலே ஒரு பேராயத்தில் கூடி அமர்ந்து பேசின. சார்லசுடன் வீழ்ந்தபோது பேராயம் வீழவில்லை. ஒரு கோட்டை போனால் மற்றொரு குடியேற்றம் படை அனுப்பியது. நம்மவர்க்கு அத்தகைய பொதுஅவை அமையவில்லை. பூலித்தேவர் போரிட்டபோது எல்லாரும் துணைநிற்கவில்லை. கட்டபொம்மன் போரிட்டபோது எட்டயபுரம் எதிர்நின்றது. திண்டுக்கல் கோபால நாயக்கரும் மருதிருவரும் மலையாளத்துக் கேரளவர்மனும் கைகோத்த கூட்டணி 1800இல்தான் உருவாயிற்று. அதற்குள் திப்பு வீழ்ந்துவிட்டான். கடலில் பிரஞ்சுக் கப்பல் இல்லை. தூத்துக்குடியில் ஒல்லாந்தன் இல்லை. யார்க்குடவுனில் அமெரிக்கர்க்குக் கிடைத்த கப்பற்படைத் துணை நமக்குக் கிடைக்கவில்லை. ஊமைத்துரை துறைமுகத்தைப் பிடித்தார். அதில் வந்து நிற்க ஒரு நட்புக் கப்பல் இல்லை. மறத்தாலும் அறத்தாலும் நாம் குறைந்தோமில்லை. காலத்தால் பிந்தினோம், அமைப்பால் குறைந்தோம்.

இன்னொன்றையும் நடுநிலையோடு சொல்லல் வேண்டும். அமெரிக்கரின் விடுதலையும் முழு விடுதலையன்று. தென்கரோலினாவின் மக்கட்டொகையில் பாதிக்கு மேற்பட்டோர் ஆப்பிரிக்க அடிமைகள். விடுதலை பேசிய என்றி லாரன்சே ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கரை விற்றுச் செல்வந்தரானவர். அவர் மகன் சான் லாரன்சு, அடிமைகளை விடுவித்துப் படையிற் சேர்க்கலாம் என்றார். பேராயம் 1779இல் இசைந்தது; தென்கரோலினா மறுத்தது. அவ்விளைஞர் 1782 ஆகத்து 27இல் களத்தில் மாண்டார். எட்டு பத்தாண்டுகள் கழித்து அந்நாடு அடிமைமுறைக்காகத் தன் குருதியிலேயே குளிக்க நேர்ந்தது.

இதை ஏன் சொல்கிறேன்? சாதியின் பெயரால் தமிழனைத் தமிழன் தாழ்த்தும்வரை, நாம் பேசும் விடுதலையும் அந்தத் தென்கரோலினா விடுதலை போன்றதே. பாஞ்சாலங்குறிச்சியில் மண் சுமந்தவன் ஒரு சாதியானா? களத்தில் மகனை விட்டுத் தலைவனைத் தூக்கிய தாயிடம் சாதி கேட்டா வீரம் வந்தது?

கட்டபொம்மன் வீட்டில் வழங்கிய மொழி தெலுங்காயிற்றே என்று நம் தோழர் சிலர் கேட்பர். உண்மை, அதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயின் அப்போரில் மடிந்த நூற்றுக்கணக்கானோர், தலைவன் வீட்டுமொழிக்காக மடியவில்லை. தம் மண்ணுக்காக மடிந்தனர். வாசிங்டன் பேசியது பகைவன் பேசிய அதே ஆங்கிலந்தானே! அப்போர்களை மண்ணின் போர்களாக எண்ணி மதிப்பிடுவதே முறை.

பெயரை மீட்போம்

இறுதியாக ஒன்று. பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தபின் ஆங்கிலேயன் கோட்டையை இடித்தான். ஏரோட்டி ஆமணக்கு விதைத்தான். அத்தோடு நின்றானா? பாஞ்சாலங்குறிச்சி என்னும் பெயரையே வரைபடங்களிலிருந்தும் கணக்குகளிலிருந்தும் நீக்க ஆணையிட்டான். சுவரை இடித்தால் ஒரு கிழமையில் எழுப்பிவிடுவார்கள் என்பதை அவன் கண்ணாரக் கண்டவன். பெயரை அழித்தால் எழுப்ப முடியாது என்று எண்ணினான். பாளையக்காரரைப் ‘போலிகார்’ ஆக்கினான்; போரைக் கலகம் ஆக்கினான். தூத்துக்குடி ஐரோப்பியர் வாயில் ‘டூட்டிகோரின்’ ஆயிற்று.

சொல்லின் ஆற்றலைப் பகைவன் அறிந்திருந்தான், நாம்தாம் மறந்தோம். தூய தமிழ் பேசுக என்று நாம் சொல்வது, வெறும் சொல் விளையாட்டு என்று எள்ளுவோர் இதை எண்ணிப் பார்க்கட்டும். ஒரு மக்களின் போருக்கு அவர்தம் பகைவன் வைத்த பெயரை அம்மக்களே வழங்குவது, அடிமைத்தனத்தின் கடைசி எச்சம்.

பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் தமிழக அரசு நினைவுக் கோட்டை எழுப்பியது. இங்கிருந்து அது நெடுந்தொலைவன்று. இளைஞர்களே, ஒருநாள் சென்று பாருங்கள். ஆங்கிலேயர் தம் படையினர்க்கு எழுப்பிய கல்லறைகளையும் அங்கே பாருங்கள். அவன் தன்னவர் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தான். நம்மவர் பெயரை யார் வெட்டுவது? உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். வாய்மொழியாய் வழங்கும் பெயர்களைத் தொகுத்து எழுதுங்கள். பள்ளியில் ஆசிரியராய் இருப்போர் ‘பாளையக்காரர் கலகம்’ என்று எங்கேனும் கண்டால், கலகம் என்பதை அடித்துப் போர் என்று எழுதிக் கற்பியுங்கள். ஆண்டுதோறும் பிப்பிரவரி 11ஆம் நாள், 73 பேர் நாடுகடத்தப்பட்ட இத்துறையில் கூடி, அவர்கள் நினைவுக்கு ஒரு மலர் இடுங்கள்.

இவற்றுக்கு அரசின் இசைவு வேண்டியதில்லை, பெரும்பொருளும் வேண்டியதில்லை. நாவில் நல்ல தமிழும் நெஞ்சில் நன்றியும் இருந்தால் போதும்.